கொடி கட்டின ஜீப்பும் நடந்து போன ஓட்டும்

மலைக்கு ஷேர் ஜீப் ஓட்டுற அண்ணன்தம்பிங்களே, நம்ம தொழில்ல பிரேக் பிடிக்கலன்னாகூட எப்படியாவது சமாளிச்சுடலாம், எலெக்‌ஷன் வந்தா முடியாது.

கொடி

ஒடுகத்தூர் ஸ்டாண்டுல வண்டி நிக்கணும்னா ஆளுங்கட்சி தயவு வேணும், உங்களுக்குத் தெரியாததா? ஸ்டாண்டு தலைவரு அந்தக் கட்சி ஆளு. என்னை ஒரு வார்த்தை கேக்காம பானெட்டுல கொடியைக் கட்டிட்டாரு. அவுத்தா ஸ்டாண்டுல எடம் போச்சு. அவங்க தோத்தாலும் போச்சு, ஜெயிச்சவன் இந்த வண்டியை உள்ள விடுவானா? எங்க வூட்டுல அடுப்பு எரியறதே இந்த ஜீப்பாலதான்.

அன்னிக்கு சாமை வித்துட்டு மலைமேல ஊருக்குத் திரும்பின முனியம்மாக்கா கொடியையே பாத்துனு வந்துது. பள்ளத்துல வண்டி தூக்கிப் போட்டதும் கேட்டுச்சு: "இன்னா டிரைவரே, ரோடு போடறேன்னு சொன்ன கட்சிதானே இது?"

முன் சீட்டு

ஓட்டுக் கேக்க எம்.எல்.ஏ. வந்தாரு. அவரு காரு பாதி மலையில அடி தட்டி நின்னுபோச்சு. என் முன் சீட்டுல ஏத்திட்டாங்க. ஊர் கிட்ட ஏத்தத்துல ஒரே சேறு, சக்கரம் சுத்துது, வண்டி நகரல. கூட வந்தவங்க எறங்கித் தள்ளினாங்க, அவரு எறங்கல. ஊர் சனம் நின்னு பாக்குது. ஒருத்தராவது சிரிச்சிருந்தா எனக்கு உசுரு வந்திருக்கும். மலை ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் வந்து கும்பிட்டுட்டு, தோளைக் குடுத்துத் தள்ளிக்கினே சொன்னாரு: "நீங்க குந்துங்க சார், நாங்க தெனம் தள்றதுதான்."

ஓட்டு நாள்

மலைமேல ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் வண்டியில சும்மா ஏறிட்டா, அவருக்கு வாக்குக் குடுத்த மாதிரி. அது தெரிஞ்சுதான் ஸ்டாண்டு தலைவரு, காசு வாங்காம எல்லாரையும் பூத்துக்கு ஏத்தினு வான்னு என்னை அனுப்பினாரு.

ஊருக்குள்ள போயி ஹாரன் அடிச்சேன். வூட்டுக்கு வூடு ஆளுங்க வெளிய வந்தாங்க, ஒருத்தரும் ஏறல. இடுப்புல புள்ளைங்களோட வெயில்ல நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. காலி ஜீப்பை முதல் கியர்ல உருட்டினு பின்னாலயே போனேன். எம்.எல்.ஏ. தோத்துட்டாருன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஏறுக்கான்னு முனியம்மாக்காவைக் கெஞ்சினேன். அது நிக்காமலே சொல்லிச்சு: "ஏறிட்டா உங் கொடிக்குத்தான் போடணும். வேணாம் டிரைவரே, நடந்தே போறோம்."

மறுநாள் ஸ்டாண்டு

ரிசல்ட்டு அன்னிக்கு டீக்கடை டி.வி.யில ஒரு சுத்துல இவங்க முன்னால, அடுத்த சுத்துல அவங்க. மாநிலம் பூரா அதே இழுபறி. கையில இருந்த டீ ஆறினதுகூட எனக்குத் தெரியல. சாயங்காலம் மயிரிழையில எம்.எல்.ஏ.வும் போனாரு, ஆட்சியும் போச்சு.

மறுநாள் ஜெயிச்ச கட்சிக்காரன் ஒருத்தன் வந்து என் சாவியைப் புடுங்கினான். இனிமே உனக்கு இங்க எடம் இல்லன்னான். பின்னால மலைச்சனம் நெருக்கியடிச்சினு குந்தினு இருந்துது. எல்லாம் எறங்குங்க, வேற ஜீப்பு வருதுன்னு அதட்டினான். யாரும் அசையல. முனியம்மாக்காதான் தலையை வெளிய நீட்டிச்சு: "உனக்கு ஓட்டுப் போட்டவங்கதான்பா உள்ள குந்தினு இருக்கோம். எறக்கிப் பாரு."

அவன் புடுங்கின சாவி திரும்ப என் கைக்கு வந்துச்சு. கோட்டையில யாரு குந்தினா இன்னா, நம்ம பொழப்பைக் காப்பாத்துறவங்க பின் சீட்டுலதான் குந்தியிருக்காங்க.