முப்பத்திரண்டும் பச்சை

நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த வடசென்னை அனல்மின் நிலையத்தைப் பாதிக்குமேல் இடித்துக் கட்டி, புகையை வடிகட்டப் புது இயந்திரங்கள் பொருத்தியிருந்தார்கள். அவை ஒழுங்காக ஓடுகின்றன என்று திங்கட்கிழமை கையெழுத்துப் போட வேண்டியவன் என் மனைவியின் தம்பி. ஐம்பத்தெட்டு வயது. ஞாயிறு காலை, மயிலாப்பூரில் எங்கள் வீட்டு நாற்பத்தாறு படிகளை ஏறி, பன்னிரண்டு மைசூர்பாகுடன் வந்தான். நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"ஹாப்பரை எல்லாம் தட்டிப் பார்த்தியா?" என்றேன்.

"எதுக்கு அத்திம்பேர்? எல்லாம் ஸ்க்ரீன்ல தெரியறது. முப்பத்திரண்டும் பச்சை."

புகையிலிருந்து பிடித்த சாம்பல் விழும் இரும்புத் தொட்டிகளைத்தான் ஹாப்பர் என்போம். சுத்தியலால் தட்டினால் காலித் தொட்டி கணீரென்னும், நிறைந்தது மொத்தென்னும். நிறைந்துவிட்டால் மேலே சாம்பலைப் பிடிக்கும் மின்சாரம் நின்றுபோய், அத்தனையும் புகைபோக்கி வழியாக ஊர்மேல் கொட்டும். திரைக்குச் செய்தி அனுப்பும் கருவியிலும் சாம்பல் அப்பும். அப்புறம் அது எதையும் பச்சை என்றுதான் சொல்லும்.

"நாளைக்கு டெல்லிலேர்ந்து ஆபீசர்கள்லாம் வரா. சுத்தியலைத் தூக்கிண்டு நின்னா சிரிப்பா."

"சிரிக்கட்டும். கையெழுத்து உன்னோடது."

"உங்க கையெழுத்து மறந்துபோச்சா?"

நான் வேலையில் இருந்தபோது நடந்தது அது; அவன் அப்போது அங்கே ஜூனியர். ஒரு மழைநாளில், இறங்கிப் போய்த் தட்டாமலே 'அனைத்தும் காலி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான்கு நிறைந்திருந்தன. ஆறு நாள் பக்கத்துக் குப்பத்தில் சாம்பல் பெய்தது. காயப்போட்ட மீனில், துவைத்த துணியில், குழந்தைகள் கண்ணில். ஆறு நாளும் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

"மறக்கலை. அதனாலதான் கேக்கறேன்."

"கேக்கலை, குத்தறேள். ரிடையர் ஆகியும் விடமாட்டேள்."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ, கீழாத்து மாமிக்குக் கேக்கறது" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. அவன் காபியைத் தொடாமல் எழுந்து போனான். நாற்பத்தாறு படியும் அதிர்ந்தது.

மறுநாள் பதினொன்று இருபதுக்கு போன் வந்தது.

"தட்டினேன். மூணு மொத்துன்னுது. கையெழுத்துப் போடலை. அத்தனை பேர் முன்னாடி மானம் போச்சு. திருப்திதானே?"

எந்த மூன்று என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டான்.