அம்புட்டையும் சொல்லுங்கண்ணே

பசுமலையில் மகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊராட்சிச் செயலர் போனில் கூப்பிட்டார். "அண்ணே, பிரசிடெண்டம்மா போயிட்டாங்கண்ணே" என்றார். "எங்கப்பா போயிட்டாங்க?" என்று கேட்டேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன். கலெக்டர் ஆபீஸ், யூனியன் ஆபீஸ் என்று எப்போதும் எங்காவது போய்க்கொண்டே இருந்தவர். வயது முப்பத்தெட்டுதான். மூன்று நாள் காய்ச்சல் ஆளைக் கொண்டுபோகும் என்று யார் நினைப்பார்கள்? மறுமுனையில் செயலர் தேம்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. மார்கழி மூட்டத்தில் மலை பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்குப் பேச்சியம்மாளை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்கள் படித்தால் தெரியட்டும் என்று சொல்கிறேன். அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் கிராமத்தின் ஊராட்சித் தலைவர் அவர். எங்கள் பக்கத்தில் ஊர் என்றால் ஒரு தெரு, காலனி என்றால் இன்னொரு தெரு. நடுவில் ஒரு வாய்க்கால். நான் ஊர்த் தெரு, அவர் காலனி. நான் ஒன்றியக் கவுன்சிலர், அவருக்கு எதிர்க்கட்சி. என் வயலில் அவருடைய அம்மா நாற்று நட்டிருக்கிறார். எங்கள் வீட்டு ஆண்களை அவருடைய அம்மா 'ஐயா' என்பார். பேச்சியம்மாள் தலைவரான மறுநாளே என்னைப் பார்த்து "வாங்கண்ணே" என்றார். "என்ன மாப்ள, புதுசா தங்கச்சி முளைச்சிருக்கு?" என்று தெருவில் என்னைக் கிண்டல் பண்ணினார்கள். எனக்கும் முதலில் சுருக்கென்றுதான் இருந்தது.

அப்படிப்பட்ட எங்கள் இரண்டு பேரையும் ஒரே விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். வளர்ந்துவரும் இளம் அரசியல் தலைவர்களுக்கான பன்னாட்டுக் கருத்தரங்கு. பத்து நாள், பதினான்கு நாடுகள். வடக்கே, குளிர் தேசத்தில் ஒரு ஏரிக்கரை நகரம். ஒரே கட்சியில் இரண்டு பேரை எடுப்பதில்லை என்பது அவர்கள் விதி. எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும் என்பதால் அவருக்கு மொழிபெயர்ப்பதும் என் தலையில் விழுந்தது. "எனக்கு வாயே நீங்கதாண்ணே, பாத்துக்கங்க" என்று விமான நிலையத்தில் சிரித்தார்.

அந்தப் பத்து நாளை இப்போது நினைத்தால் நடந்ததா, கனவா என்று தடுமாறுகிறது. அங்கே கோடையில் சூரியன் மறைய மனமில்லாமல் வானத்து ஓரத்தில் உட்கார்ந்தே இருக்கிறது. சாயங்காலம் என்று ஒன்று தொடங்கினால் முடிவதே இல்லை. மனிதர்களுக்கு நிழல் நீளமாக விழுந்து தண்ணீர் வரைக்கும் போகிறது. அந்த வெளிச்சத்தில் பேச்சியம்மாள் சுங்குடிச் சேலைமேல் கடன் வாங்கிய கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஏரியைச் சுற்றி நடப்பார். "இம்புட்டுத் தண்ணிக்கு மடை எங்கண்ணே வச்சிருக்காங்க?" என்று முதல் நாளே கேட்டார். கூட வந்த அந்த ஊர்ப் பெண்ணிடம் கேட்டுச் சொன்னேன்: மடை கிடையாது, எந்த வயலுக்கும் இது பாயவில்லை. "ஆத்தாடி! சும்மா பாக்குறதுக்கா?" என்று வாயில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் தினமும் அதைப் பார்ப்பதற்கென்றே போய் உட்கார்ந்தார்.

இன்னொரு நாள் காலைச் சாப்பாட்டில், "இங்கிலீஷ்ல மந்திரிக்கும் 'யூ'தான், எனக்கும் 'யூ'தானாண்ணே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்ல பாஷைண்ணே. எங்க அம்மாவுக்குச் சொல்லிக் குடுக்கணும்" என்று ரொட்டியில் வெண்ணெய் தடவினார்.

ஆறாவது நாள் அவரவர் உள்ளூர் ஆட்சியைப் பற்றிப் பேச வேண்டும். பேச்சியம்மாள் எழுந்து, "நான் காலனில இருந்து வாரேன்" என்று தொடங்கினார். நானும் சொல்லுக்குச் சொல்லாக அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆப்பிரிக்க நாடொன்றின் நகரமன்ற உறுப்பினர், கிரேஸ் என்று பெயர், உடனே கை தூக்கினார். "காலனியா? இன்னுமா? உங்களை ஆள்வது எந்த நாடு? எப்போது விடுதலை?" என்று கவலையோடு கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேள்வியைத் தமிழில் சொன்னேன். பேச்சியம்மாள் சிரிக்கவில்லை.

பிறகு பேசினார். "எந்த நாடும் ஆளல. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஊரு, இந்தப் பக்கம் காலனி. நான் தலைவராகி ஊர்த் தெருவுக்குச் சிமெண்ட் ரோடு போட்டேன். நின்னு தண்ணி ஊத்துனேன். அதுல நான் நடக்கலாம். ஆனா எங்க ஆளு செத்தா அதுல தூக்கிட்டுப் போக முடியாது. சுடுகாட்டுக்குக் கண்மாய்க்கரை சுத்தித்தான் போகணும். மழைக்காலத்துல வழுக்கும். எங்கப்பாவைத் தூக்கிட்டுப் போறப்ப ரெண்டு தடவை பாடை சாஞ்சிருச்சு. நான் போட்ட ரோட்டுல என்னையவே கொண்டுபோவாங்களான்னு எனக்குத் தெரியல. விடுதலை எப்பன்னு இந்தம்மா கேக்குறாங்க. அந்த ரோட்டுல என்னையத் தூக்கிட்டுப் போற அன்னைக்குன்னு சொல்லுங்கண்ணே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னது இதுதான்: "காலனி என்பது எங்கள் ஊரில் ஒரு குடியிருப்பின் பெயர். இவர் நல்ல சாலை போட்டிருக்கிறார். இப்போது பிரச்சினை எதுவும் இல்லை." கிரேஸ் நிம்மதியாகச் சிரித்தார். கை தட்டினார்கள்.

ஏன் அப்படிச் செய்தேன்? ஊர் மானம் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், அது என் தெருக்காரன் போனுக்கு வந்தால் அடுத்த தேர்தலில் என் கதி என்ன என்ற பயம்தான் நிஜம். இதை இத்தனை நாள் ஒருவரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட.

அன்று எங்களைப் படகில் கூட்டிப்போனார்கள். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அண்ணே, நான் அம்புட்டுப் பேசுனேன். நீங்க இம்புட்டுத்தான சொன்னீங்க?" என்று விரல் நுனியைக் காட்டினார். ஆங்கிலத்தில் சுருக்கமாகத்தான் வரும் என்று சமாளித்தேன். "எனக்கு இங்கிலீஷ் தெரியாதுண்ணே. அளவு தெரியும்" என்றார். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சண்டைக்கு வரலண்ணே. கடைசி நாள் எல்லாரும் ரெண்டு நிமிசம் பேசணுமாம்ல? அன்னைக்கு அம்புட்டையும் சொல்லுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் கையை விட்டு அளைந்தார். சரி என்று தலையாட்டினேன்.

கடைசி நாள் என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறினேன். ஜல்லிக்கட்டைப் பற்றிப் பேசினேன்! துண்டை இடுப்பில் கட்டி, திமிலை எப்படி அணைய வேண்டும் என்று நாற்காலியைப் பிடித்துக் காட்டினேன். அரங்கமே எழுந்து ஆரவாரம் செய்தது. மூன்றாவது வரிசையில் பேச்சியம்மாளும் கை தட்டினார். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

ஊர் திரும்பிய பிறகு அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நினைத்திருந்தால் ஒரு பொதுக்கூட்டத்தில் என் மானத்தை வாங்கியிருக்கலாம். எங்கள் கட்சிக்காரனாக இருந்தால் வாங்கியிருப்பான். தண்ணீர்த் தொட்டிக்கும் தெருவிளக்குக்கும் என்னோடு ஒன்றியக் கூட்டத்தில் மல்லுக்கு நின்றார். முடிந்து வெளியே வரும்போது மட்டும் மெதுவாகக் கேட்பார்: "சொல்லியாச்சாண்ணே?" "சொல்லுவோம்மா" என்பேன். "அவங்க ஊர்ல பொழுது சாயாது, நெறைய நேரமிருக்கு. நமக்குத்தான் சீக்கிரம் இருட்டிரும்" என்று சிரித்துக்கொண்டே ஸ்கூட்டியில் ஏறிப் போய்விடுவார்.

அன்று பசுமலையிலிருந்து எப்படி வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை. பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அவருடைய கணவர் முருகன் வாசலில் நின்று "வாங்கண்ணே" என்றார். பந்தலுக்கு இரண்டு தெருவிலிருந்தும் ஆள் வந்திருந்தது. மாலை போட்டோம். எல்லாக் கட்சிக்காரர்களும் நல்லபடியாகப் பேசினோம். மத்தியானம் எடுத்தார்கள். பூ மழை மாதிரி விழுந்துகொண்டிருந்தது. கொட்டுச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல எனக்குக் கேட்டது. வாய்க்கால் தாண்டி, ஊர்த் தெரு ஒரு பக்கமும் கண்மாய்க்கரை ஒரு பக்கமும் பிரிகிற முக்கில் பாடை நின்றது. தோள் மாற்றுவதற்காகத்தான் நின்றார்கள். ஒரு நிமிடம் இருக்கும். நேரே பார்த்தால் அவர் போட்ட ரோடு வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. முருகனும் கேட்கவில்லை. பாடை கரைப் பக்கம் திரும்பியது.

நானும் பின்னால் நடந்தேன். பிறந்ததிலிருந்து இந்த ஊர்க்காரன், அந்தக் கரையில் ஒரு பிணத்தின் பின்னால் நடந்தது அதுதான் முதல் தடவை. ஈர மண்ணில் செருப்பு வழுக்கியது. சுற்றிப் போக அரை மணி நேரம் பிடித்தது. கண்மாயில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

காரியம் முடிந்த வாரத்தில் கருத்தரங்கில் இருந்த எல்லோருக்கும் மின்னஞ்சலில் கடிதம் எழுதினேன். பேச்சியம்மாள் இறந்த செய்தியைச் சொல்லி, ஆறாவது நாள் அவர் பேசியதை வரி வரியாக ஆங்கிலத்தில் வைத்தேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. அன்று நான் சொன்னது மூன்று வரி. ஊர் எது, காலனி எது என்று எழுதினேன். குறைத்தது நான்தான், அவரல்ல என்றும் எழுதினேன். அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்தச் சொல் ஒன்றுதான்: அம்புட்டும். இந்த மலருக்கு இரங்கல் செய்தி கேட்டவர்களிடம் கட்சி லெட்டர் பேடில் நாலு வரி தராமல் இதை எழுதித் தருவதும் அதனால்தான். என் தெருக்காரர்கள் என்னை என்ன சொன்னாலும் சொல்லட்டும்.

கிரேஸ் மறுநாளே பதில் போட்டிருந்தார். ஆறுதல் எதுவும் இல்லை, ஒரே கேள்வி. "அவரை அந்தச் சாலை வழியாகத்தானே கொண்டுபோனீர்கள்?" இரண்டு நாள் அதைத் திறந்து திறந்து பார்த்தேன். பிறகு பதில் எழுதினேன்: "இல்லை. கரை வழியாக. சாலை பிரியும் இடத்தில் ஒரு நிமிடம் நின்றார்கள். அங்கிருந்து மூன்றாவது வீடு என்னுடையது. நானும் அந்த முக்கில்தான் நின்றேன். நேராக வாருங்கள் என்று நான் சொல்லவில்லை."