மங்கை மேடம் பாஸ் பண்ண வைத்த கிளைம்

மங்கை மேடம் போய்விட்டார். நேற்று காலை. இன்று மதியம் எடுத்தாச்சு...

கள்ளக்குறிச்சியில் நான் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தபோது எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் அவர். பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலேயே விற்கிற என்னைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"எக்ஸ்க்ளூஷன்னா இன்னா, சொல்லுங்க ஏஜெண்டு சார்" என்பார். பதிலையும் அவரே சொல்வார்.

"பந்தியில உக்கார வச்சிட்டு, இதுக்கெல்லாம் சோறு கெடையாதுன்னு சொல்றது. அத மொதல்லயே சொல்லிட்டுக் கூப்புடுங்க."

இடஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த வருஷம் அது. வடக்கனந்தல் பொன்னுசாமியின் காலில் கரும்பு வண்டிச் சக்கரம் ஏறிவிட்டது. அவருக்கு விபத்து பாலிசி போட்டுக் கொடுத்தவன் நான்.

சேலத்தில் ஒரு ஆபரேஷன் முடிந்தது. இன்னொன்று செய்தால்தான் நடக்க முடியும் என்றார் டாக்டர். அதற்குப் பாலிசிப் பணத்தை விட்டால் வேறு வழியில்லை.

விபத்தை ஏழு நாளுக்குள் ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். பொன்னுசாமியின் அண்ணன் மறுநாளே லெட்டர் எழுதி டவுன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டார். எங்கள் பக்கம் அப்போது மருந்து, பத்திரிகை எல்லாமே கண்டக்டர் கையில்தான் வரும்.

அன்றைக்குப் பார்த்து போராட்டக்காரர்கள் ரோடெல்லாம் மரம் வெட்டிப் போட்டுவிட்டார்கள். பஸ் பாதி வழியில் நின்றது; அப்புறம் ஒரு வாரம் ஓடவே இல்லை. கண்டக்டர் பையிலேயே கிடந்த லெட்டர் வந்து சேர்ந்தபோது கெடு தாண்டிவிட்டது.

தாமதம் என்று எழுதி மேனேஜர் ஃபைலை மூடிவிட்டார். எனக்கு வடக்கனந்தல் பக்கம் தலைகாட்டவே வெட்கம்...

மங்கை மேடம் பாலிசியை வாங்கி, ஸ்கேல் வைத்து வரிவரியாகப் படித்தார். கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தில் ஸ்கேல் நின்றது. தவிர்க்க முடியாத காரணம் என்று நிரூபித்தால் தாமதத்தை மன்னிக்கலாம்.

"இதோ குந்திகினு இருக்குது பாருங்க."

அரை நாள் லீவு போட்டு பஸ் டெப்போவுக்கே போனார். சர்வீஸ் நின்றுபோனதை எழுதி வைத்த டிரிப் ஷீட்டின் நகலோடு கண்டக்டரையும் கூட்டி வந்துவிட்டார். காக்கிச் சட்டையோடு அவர் மேனேஜர் முன்னால் நின்றார்.

"லெட்டரு எங்கிட்டதாங்க இருந்திச்சி. அவங்க மேல தப்பு இல்லீங்க."

"ஆபீஸ் லெட்டர பஸ்லயா குடுத்து வுடுவாங்க?" என்றார் மேனேஜர்.

"உங்க சாப்பாட்டு கேரியரு தெனம் எதுல சார் வருது?" என்று கேட்டார் மங்கை மேடம்.

அதே பஸ், அதே கண்டக்டர். மேனேஜர் பேனாவைத் திறந்தார்.

அன்று எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். மங்கை மேடம் பதிலுக்கு என்னிடம் பாலிசி புத்தகத்தை நீட்டினார். "இப்பவாச்சும் படிங்க."

இன்று மயானத்துக்குப் போக பொன்னுசாமியை ஆட்டோவில் ஏறச் சொன்னேன். அவருக்கு எழுபது ஆகப்போகிறது.

"வேணாங்க. இந்தக் காலு அந்தம்மா வாங்கிக் குடுத்தது" என்றார்.

கடைசி வரை நடந்தே வந்தார். எனக்கு முன்னால்.

போய்ட்டு வாங்க மேடம்... முழுசாப் படிச்சிட்டேன்.