பிழையான நம்பரில் வந்த பதில்

எண்பத்தாறாம் ஆண்டு, தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வீட்டுக்கு வந்து நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, தொலைபேசி அடித்தது. வால்தம்ஸ்டோவில் அக்கா வீட்டில் நானும் மகள் நிர்மலாவும் அப்போது ஓர் அறையில் இருந்தோம். பேசியவர் குணம் மாஸ்டர். நைஜீரியாவில், இபாடான் நகரத்தில், என் கணவர் பிலிப்போடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். வேலையை விட்டுவிட்டு அன்று காலையில்தான் லண்டன் வந்து இறங்கியிருந்தார்.

“தங்கச்சி, பயப்படாதேங்கோ. பிலிப் மாஸ்டரை ஆஸ்பத்திரியில வைச்சிருக்கு. நெருப்புக் காய்ச்சல், டைபொயிட். நான் வெளிக்கிடேக்க அவருக்கு எழும்பி இருக்க ஏலாமல் கிடந்தது. வயிறும் வீங்கிப்போச்சு.”

பயப்படாதேங்கோ என்றார். நான் பயந்தேன். ஏனென்றால் அந்த நகரத்தை எனக்குத் தெரியும்.

லண்டனுக்கு வர முன்னர் நானும் இவரோடு அங்கேதான் இருந்தேன். குழாயைத் திறந்தால் முதலில் சீறுகிற சத்தம் வரும். பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சத் தண்ணீர். பிறகு காற்றுத்தான். கிழமைக்கணக்கில் அப்படியே கிடக்கும். தண்ணீர் லொறி வருகிறது என்று யாராவது கத்தினால், வாளிகளைத் தூக்கிக்கொண்டு தெரு முழுக்க ஓடும். கறண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தாலும் சில நேரம் பல்பையும் பிரிட்ஜையும் எரித்துவிட்டுப் போய்விடும். ஒரு மழை பெய்தால் தொலைபேசி செத்துவிடும். திருத்த வருகிறவர் கம்பத்தை அண்ணாந்து பார்ப்பார், தலையை ஆட்டுவார், போய்விடுவார். சனங்கள் நல்ல சனங்கள். ஆனால் காலையில் எழும்பினால் தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் அலைவதிலேயே எல்லோருக்கும் நாள் முடிந்துவிடும்.

நிர்மலாவுக்கு அங்கே மலேரியா திரும்பத் திரும்ப வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தண்ணீர், மெழுகுதிரி, சேலைன் போத்தல், ஊசி எல்லாம் நாங்களே கொண்டுபோவோம். கெட்டிக்கார டாக்டர்மார் இருந்தார்கள். கை கழுவத்தான் அவர்களுக்குத் தண்ணீர் இல்லை. பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் என்னையும் அவளையும் லண்டனுக்கு அனுப்பிவிட்டு இவர் தனியே நின்றார். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கும் போக வழியில்லை. இங்கே எனக்கு விசா முடிவு வரவில்லை. நான் புறப்பட்டுப் போனால் திரும்பி வர ஏலாது.

அன்று பின்னேரமே பள்ளிக்கூட நம்பருக்கு அடித்தேன். செத்த சத்தம். திங்கள் அடித்தேன். செவ்வாய் அடித்தேன். ஒருமுறை எல்லா லைனும் வேலையாக இருக்கிறது என்று ஒரு குரல் சொன்னது. மற்ற நேரமெல்லாம் ஒன்றுமே இல்லை. நான் ஹோட்டல் துணிகளை வெளுக்கிற லோன்ட்ரியில் வேலை செய்தேன். நீராவிக்குள் நின்று படுக்கை விரிப்புகளை மடித்தபடி செபமாலை சொல்லிக்கொண்டே இருப்பேன். கை மடிக்கும், வாய் சொல்லும், மனம் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் நிற்கும். அவருக்கு ஒரு வாய் தண்ணீர் யார் கொடுப்பார்கள்?

“செய்தி வரும், பொறுத்திரு,” என்றா அக்கா.

“நல்ல செய்திக்குத்தான் அக்கா ஃபோன் வேணும். கெட்ட செய்தி எப்பிடியும் வந்து சேரும்.”

வியாழக்கிழமை எனக்குச் செபமும் வரவில்லை. வாய் சொன்னது, உள்ளே ஒன்றுமில்லை. யாரும் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் கோயிலில் தனியே முழந்தாளில் இருந்தேன். “ஆண்டவரே, எனக்குச் சொல்லச் சொல் இல்லை. அங்கேயிருந்து ஒரு மனிசக் குரலைக் கேட்கச் செய்யும். அது போதும்,” என்றேன். அவ்வளவுதான் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து மறுபடியும் அதே நம்பருக்கு அடித்தேன். மணி அடித்தது! ஒரு பெண் எடுத்தா. பின்னால் ஜெனரேட்டர் இரைகிற சத்தம்.

“பள்ளிக்கூடமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“இல்லை, இது மீன்கடை. மழைக்குப் பிறகு இஞ்ச லைன் எல்லாம் மாறிக் கிடக்கு. வைச்சிட்டுத் திரும்ப எடும்.”

“வைச்சிடாதேங்கோ!” என்று நான் கத்திய சத்தத்தில் அக்கா குசினியிலிருந்து ஓடி வந்தா. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இவருடைய பெயர், ஆஸ்பத்திரி, காய்ச்சல் வருத்தம், நான் கோயிலில் செபித்துவிட்டு வந்தது.

“நாளைக்கு விடியப் போய்ப் பாக்கிறன்,” என்றா அந்தப் பெண். “உம்மட நம்பரைச் சொல்லும்.”

நான் சொல்லத் தொடங்கினேன். பாதியில் லைன் செத்துப்போனது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் மோசம். திரும்ப அடித்தால் பள்ளிக்கூடமும் இல்லை, மீன்கடையும் இல்லை. ஒரு குரலைக் கேட்டேன், ஆண்டவர் தந்தார். ஏன் அதை மட்டும் கேட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அடுத்த கிழமை நடுவில் அந்தப் பெண்ணே எனக்கு ஃபோன் எடுத்தா. நகரத்தின் தலைமைத் தபால் கந்தோரில் வரிசையில் நின்று எடுத்தா. நம்பரை இவரிடமே கேட்டு வாங்கியிருக்கிறா.

“உம்மட மனுசன் உயிரோட இருக்கிறார்,” என்பதுதான் முதல் வார்த்தை.

குடலில் துவாரம் விழுந்து, உடனே ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர்மார் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கறண்ட் இல்லை. ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை. நகரத்தில் எங்கேயும் டீசல் கிடைக்கவில்லை. இவர் அப்படியே காத்துக் கிடந்திருக்கிறார். அந்தப் பெண்ணிடம், மீனை உறையவைக்கிற அறைக்கென்று வைத்திருந்த ஒரு பீப்பாய் டீசல் இருந்தது. அதை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறா. குடிதண்ணீரும் கொண்டுபோயிருக்கிறா. அன்றைக்கே ஒப்பரேஷன் நடந்திருக்கிறது.

“அப்ப உங்கட மீன்?”

“கனக்கப் பழுதாய்ப் போச்சு. மீன் திரும்பவும் கடலில இருந்து வரும்.”

அவவை அங்கே எல்லோரும் அல்ஹாஜா என்று அழைப்பார்கள். மக்காவுக்குப் போய் வந்த முஸ்லிம் பெண்களை அப்படித்தான் சொல்வார்கள். எப்படி நன்றி சொல்வது என்று கேட்டேன். “நீர் செபிச்சிட்டு எடுத்தீர். நான் தொழுதிட்டு வந்து இருந்தன். நன்றியை மேல இருக்கிறவருக்குச் சொல்லும்,” என்றா.

இவர் ஆவணியில்தான் லண்டன் வந்து சேர்ந்தார். விமான நிலையத்தில் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று நானும் நிர்மலாவும் கூப்பிட்டோம். திரும்பவில்லை. எலும்பும் தோலுமாக, யாரையோ தேடுகிறவர் மாதிரி எங்களைக் கடந்து போனார். ஓடிப்போய்க் கையைப் பிடித்த பிறகுதான் பார்த்தார். அந்த நோயில் இரண்டு காதும் போய்விட்டன. பிறகு அவை கேட்கவே இல்லை. இருபது வருசம் படிப்பித்த மனிதர் பிறகு வகுப்புக்குள் கால் வைக்கவே இல்லை. அப்டன் பார்க்கில் ஒரு கடையில் சாமான் அடுக்குகிறார்.

இன்னொன்றையும் இவர் மெல்ல மெல்லச் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் ஒரு தச்சுவேலைக்காரர் அதே வருத்தத்தோடு, அதே ஒப்பரேஷனுக்குக் காத்துக் கிடந்தார். அவருடைய மனைவி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தன் பாஷையில் ஓயாமல் செபித்தாவாம். டீசல் வந்த அன்று விடிய, அது வந்து சேர முன்னமே, அந்தத் தச்சுவேலைக்காரர் இறந்துவிட்டார்.

இதனால்தான் இவ்வளவு வருசமாக இந்தக் கோயிலில் எழும்பிச் சாட்சி சொல்ல நான் மறுத்தேன். பங்குச் சுவாமி கேட்ட நேரமெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனேன். என் செபம் கேட்கப்பட்டது என்று சொன்னால் அந்தத் தச்சுவேலைக்காரரின் மனைவியுடைய செபத்துக்கு என்ன பதில்? எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. அதைத் தெரிந்தவள் மாதிரி உங்கள் முன்னால் நிற்க மாட்டேன். அல்ஹாஜாவுக்குக் கடிதங்கள் போட்டேன், பதில் இல்லை. சேர்ந்ததோ தெரியாது.

ஆனால் வாய் திறக்காமல் இருந்தால் நான் நன்றி கெட்டவள். நான் ஒரு குரல்தான் கேட்டேன். ஆண்டவர் ஒரு மனுஷியையே அனுப்பினார். பழுதான கம்பிகளுக்குள்ளால் அனுப்பினார். அதற்குப் பிறகு நான் பழைய ஆள் இல்லை. முன்பு செபித்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது செபித்துவிட்டு எழும்பிப் போகிறேன். லோன்ட்ரி வேலை முடிய எங்கள் பகுதி ஆஸ்பத்திரிக்குப் போவேன். பார்க்க ஆளில்லாதவர்கள் அங்கே நிறையப் பேர், வயது போன வெள்ளைக்காரரும் எங்கள் சனமும். பக்கத்தில் இருப்பேன். தண்ணீர் பருக்குவேன். அவர்கள் விரும்பினால் செபிப்பேன்.

உங்களில் யாராவது செபித்துச் செபித்து வாய் வறண்டுபோய் இன்றைக்கு இங்கே இருக்கலாம். கவலைப்படாதேங்கோ, எல்லாம் சரிவரும் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லாம் சரிவருவதில்லை. ஆனாலும் கேளுங்கள். வெறுஞ்சொல்லாக வந்தாலும் கேளுங்கள். பூசை முடிய நான் பின்வாசலில் நிற்பேன். தனியே கேட்கப் பயமாக இருந்தால் வாருங்கள், சேர்ந்து கேட்போம்.