காவேரியின் ஜாம் பாட்டில்

ஜாம் பாட்டிலைக் கையில் எடுத்ததும் காவேரி அதைத் திருப்பிப் பிடிப்பாள். முன்பக்கத்தில் பளபளக்கும் பழங்களை அவள் நம்புவதில்லை. பின்பக்கத்துப் பொடி எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படிப்பாள். ஆப்பிள், பேரிக்காய், மாம்பழம், தேன், கெட்டிப் பழச்சாறு என்று ஏதாவது ஒன்று கண்ணில் பட்டாலும் பாட்டில் அலமாரிக்குத் திரும்பிவிடும். மிக்ஸட் ஃப்ரூட்டைத் தொடுவதே இல்லை. எல்லா வில்லங்கமும் கும்பலாகக் குடியிருக்கும் இடம் அது.

படப்பைக் கடைக்காரர் முனிரத்தினம் ஒருநாள் இரக்கப்பட்டு சுகர் ஃப்ரீ ஜாமை நீட்டினார். "இந்த வயசுல சுகராம்மா? இத எடுத்துக்கினு போ."

"சுகர்லாம் இல்லண்ணே. பழத்துல கீற சக்கரைதான் எனுக்கு செரிக்க மாட்டேங்குது. இதுல சக்கரைக்குப் பதிலா சார்பிட்டால்னு ஒண்ணு போட்டுகிறான் பாருங்க, அது இன்னும் மோசம்." வெறும் சர்க்கரையில் காய்ச்சிய ஸ்ட்ராபெரி ஜாமைத்தான் அவள் வாங்கினாள். ஸ்ட்ராபெரியை மட்டும் அவள் வயிறு கொஞ்சம் தாங்கும்; அதிலும் ஒரு சின்னக் கரண்டிக்கு மேல் கூடாது என்பது டாக்டர் சொன்னது.

இது நாக்கு ருசி பார்க்கிற விஷயமில்லை, பிழைப்பு. ஒரகடத்தில் கார் உதிரிப்பாகம் செய்யும் கம்பெனியில் லைனில் நிற்கிறாள். மாற்று ஆள் வராமல் இடத்தைவிட்டு நகர முடியாது. வயிறு அதுவரை காத்திருக்குமா? அவளால் ஏற்கெனவே லைன் நின்றிருக்கிறது. "இன்னொரு வாட்டி நின்னுச்சுன்னா காண்ட்ராக்ட்ட ரினியூ பண்ண மாட்டேன்" என்று சூப்பர்வைசர் புருஷோத்தமன் எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டார். காரணத்தை அந்த ஆளிடம் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

அவள் தங்கியிருக்கும் அறையில், கம்பெனி பஸ் வருவதற்குமுன் பெண்கள் எல்லோரும் ஒரே பாட்டிலில், ஒரே கரண்டியால் ரொட்டிக்கு ஜாம் தடவிச் சாப்பிடுவார்கள். காவேரி மட்டும் தன் பாட்டிலையும் தன் கரண்டியையும் பையிலிருந்து எடுப்பாள். கேட்டால், "எனுக்கு அது புடிக்காது" என்பாள். லைனில் யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம்தான் வினையாகப் போயிற்று.

அறைக்குப் புதிதாக வந்தவள் ஜாஸ்மின். இருவருக்கும் உத்திரமேரூர்ப் பக்கம் ஒரே ஊர். காவேரியின் வீடு ஊருக்குள், ஜாஸ்மினின் வீடு காலனியில். முதல் சம்பளத்தில் பெரிய மாம்பழ ஜாம் வாங்கி வந்த ஜாஸ்மின், காலையில் முதல் துண்டைக் காவேரிக்குத்தான் தடவி நீட்டினாள்.

"வேணாம் ஜாஸ்மின். எனுக்குப் புடிக்காது."

"ஊர்லதான் எங்க வூட்ல தண்ணிகூடக் குடிக்க மாட்டீங்க. இங்கயுமாக்கா?"

சத்தம் போடாமல்தான் கேட்டாள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். காவேரி அந்த ரொட்டித் துண்டைப் பார்த்தாள். அதைத் தின்றால் மதியத்துக்குள் வேலை போய்விடும். தின்னாவிட்டால் இந்தப் பெண்ணின் முகத்தில் இனி எப்படி விழிப்பது?

"சத்தியமா அதுக்கில்லடி. பழம் துன்னா வவுறு போவுது. லைன் நின்னதே அதனாலதான்."

ஜாஸ்மின் நம்பியதாகத் தெரியவில்லை. இதுபோல எத்தனையோ சாக்குகளைக் கேட்டு வளர்ந்தவள்.

கீழே பஸ் ஹாரன் அடித்தது. காவேரி தன் பாட்டிலைத் திறந்து, ஒரு துண்டு ரொட்டியில் தடவி, ஜாஸ்மினின் வாயருகே கொண்டுபோனாள்.

"கடி."

ஜாஸ்மின் தயங்கித் தயங்கி ஓர் ஓரத்தைக் கடித்தாள். பல் பதிந்த அந்த இடத்திலிருந்தே காவேரி தின்னத் தொடங்கினாள்.