எறங்கு என்று சொல்லும்வரை

குத்தாலத்துக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டிய தெருவுக்கு இளையபெருமாள் ஒரு கட்டு அட்டைகளோடு வந்தது எண்பத்தொன்பதாம் வருஷம், மாசி மாதம். பக்கத்து ஊர்ப் பையன். அவன் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். எம்.ஏ. உளவியலுக்காக, ஜனங்கள் தங்களைப் பற்றி என்ன நம்புகிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். முதலில் வந்து உட்கார்ந்தவள் காத்தாயி. அவளுக்கு எழுத்து தெரியாது. அட்டைக்கு ஒரு சொல்லாக அவன் வாசிப்பான், அது தனக்குப் பொருந்துமா என்று அவள் சட்டென்று பதில் சொல்ல வேண்டும்.

"பயந்தவ?"

"ஆமா."

"கெட்டிக்காரி?"

"இல்லப்பா." அவன் வாசித்து முடிக்கும் முன்பே வந்துவிட்டது.

"கொஞ்சம் யோசிக்கக்கூட மாட்டீங்களா அத்தை?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? என்னைய எவன் கெட்டிக்காரின்னு சொன்னான்?"

அடுத்த அட்டையில், ஊருக்கு ஏற்றபடி அவனே சேர்த்த சொல் இருந்தது.

"நிலக்காரி?"

காத்தாயி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். பதிலுக்குப் பதிலாக ஒரு பழைய கதையைச் சொன்னாள்.

புருஷன் வீரையன் செத்த மறு வருஷம், நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிடமிருந்து எடுத்த நிலத்தில் ஒரு ஏக்கர் அவள் பேருக்குப் பட்டாவாக வந்தது. அவளே பயிர் வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. முதல் நடவன்று சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு போனவள் வரப்பிலேயே நின்றுவிட்டாள். பத்து வயசிலிருந்து அதுதான் பழக்கம்: பண்ணை ஏஜெண்டு "எறங்கு" என்று குரல் கொடுக்காமல் யாரும் சேற்றில் கால் வைக்கக் கூடாது.

நாத்தனார் அம்சவல்லிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏன் அண்ணி, ஒங்க வயல்ல எறங்க யாரு உத்தரவு குடுக்கணும்? நான் குடுக்கட்டா? எறங்குங்க மிராசு அம்மா!"

காத்தாயியும் சிரித்தாள். ஆனால் அதைக் கேட்ட பிறகுதான் இறங்கினாள்.

அறுப்பு முடிந்ததும் ஏஜெண்டு பஞ்சநதம் மனுப் போட்டார்: வயலை இன்னும் பண்ணைதான் பயிரிடுகிறது, பட்டாவை ரத்து செய்ய வேண்டும். விசாரணைக்கு அதிகாரி வயலுக்கே வருவார் என்றார்கள். எட்டு நாள் அம்சவல்லிதான் அதிகாரி. கஞ்சி காய்ச்சும்போதும் கேட்டாள், குளத்துக்குப் போகும்போதும் கேட்டாள்.

"வயல் யாருது?"

"என்னுதுங்க."

"பயிர் வைக்கிறது?"

"நாந்தாங்க."

ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

வந்த அதிகாரி நல்ல மனுஷர்தான். "பயப்படாம சொல்லும்மா, இது யாரு வயல்?" என்றார். எதிர் வரப்பில் பஞ்சநதம் குடையோடு நின்றார்.

"பண்ணையுதுங்க."

சொன்ன பிறகுதான் தன் குரல் அவள் காதில் விழுந்தது. அம்சவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். காத்தாயி "இல்லீங்க, இல்லீங்க" என்று இழுப்பதற்குள் அதிகாரி எழுதிவிட்டார். கைநாட்டு வாங்கினார்கள். பட்டா ரத்தானது; வயல் மறுபடி பண்ணையின் கைக்கே போனது.

தன்னைப் பற்றி வெகுகாலம் நம்பிய ஒன்றை மூளை யோசிப்பதேயில்லை, கேள்வி முடியுமுன் எடுத்து நீட்டிவிடும் என்று இளையபெருமாள் படித்திருந்தான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தான். இப்போது பேனாவை மூடி வைத்தான்.

"அத கொஞ்சம் திரும்பக் கேளு தம்பி" என்றாள் காத்தாயி.

"நிலக்காரியா அத்தை?"

அவள் வாசலை எட்டிப் பார்த்தாள். பஞ்சநதம் செத்து ஆறு வருஷம் ஆகிறது. தெருவில் ஒரு கோழிதான் மேய்ந்துகொண்டிருந்தது.

"இல்லீங்க" என்றாள்.

இளையபெருமாள் வந்துபோய்ச் சில வருஷம் ஆகிறது. காத்தாயிக்கு இப்போது அறுபது வயது. அதே தெருவில் இருக்கிறாள். அந்த ஒரு ஏக்கரில் கூலிக்கு நடவு நடுகிறாள். புது ஏஜெண்டு கூப்பிடும்வரை வரப்பில் நிற்கிறாள்.