பன்னிரண்டு அடிக்கட்டும்

கடலூர் செம்மண்டலத்தில் தையல் வேலை பார்க்கும் ஆரோக்கிய ராணி, 2009-இல் ஒரு வெள்ளிக்கிழமை தங்கைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினாள். தங்கை ஜோதி மேரி அங்கே குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டர். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அக்கா, தங்கை டாக்டர் என்பதைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் டிக்கெட்டே வாங்குவாள்.

பிரிவின் வாசலில் ஒரே சத்தம். கீரப்பாளையத்தில் பாம்பு கடித்த ஆறு வயது சுவேதா, ஐந்து நாளாக மெஷின் வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். இன்று குழாயை எடுக்க வேண்டும். எடுத்தபின் தானாக மூச்சு விடுவாளா என்பதுதான் எல்லோருக்கும் கவலை.

"பத்தரையிலேருந்து ராகு காலம் டாக்டரம்மா. பன்னெண்டு அடிக்கட்டும்," என்று தாய் எழிலரசி அழுதாள்.

நர்ஸ் முறைத்தாள். ஜோதி மேரி சிரித்தாள்.

"சரிம்மா. அதுவரைக்கும் மெஷின கொறச்சு வச்சு, அவ தானா எவ்ளோ மூச்சு விடுறான்னு பாக்குறேன். எனக்கும் அந்த நேரம் வேணும்."

சொன்னபடியே கட்டிலை விட்டு நகராமல் பார்த்தாள். பன்னிரண்டு அடித்ததும் குழாயை எடுத்தாள். சுவேதா இருமினாள், மூச்சை இழுத்து விட்டாள், பிறகு கரகரத்த குரலில், "அம்மா, பசிக்குது," என்றாள்.

ஒரு மணிக்கு ஆரோக்கிய ராணி கேரியரைத் திறந்தாள்.

"மூடி வை அக்கா. இன்னும் கொஞ்ச நேரம் அவ பக்கத்துல இருக்கணும்."

"போய்ச் சாப்புட்டு வாங்க டாக்டரம்மா," என்றாள் எழிலரசி, கண்ணைத் துடைத்தபடி. "இப்ப நல்ல நேரந்தான்!"